காணாமற்போன மகன்
(ஜே. சி. டேனியலின் வாழ்க்கை வரலாறு)

நுழையும் முன்

திரைப்படம் இன்று பலர் கூடி நடத்தும் பெருந்தொழிலாக விளங்குகிறது. அது தொழிலாக வளராத காலத்தில், தென் திருவிதாங்கூரைச் சேர்ந்த ஒருவர் தம் நிலத்தை விற்றுப் படம் எடுத்தார். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு, படத்தொகுப்பு ஆகிய அனைத்தையும் அவரே ஏற்றார். மலையாளத் திரைப்படத்தின் தந்தை என இன்று போற்றப்படும் ஜே. சி. டேனியலின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

எல்லைக்கு இருபுறமும்

கள்ளிக்காட்டில் அணையைக் கடந்து இறங்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை நகரைத் தழுவிச் சென்று பூவாற்றில் கடலோடு கலக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை, பாறசாலையைத் தாண்டியதும் களியக்காவிளையில் மாநில எல்லையை அடைகிறது. அவ்விடத்தில் கடைகளின் பெயர்ப் பலகைகளில் மலையாள எழுத்துக் குறைந்து தமிழ் எழுத்து மிகுகிறது. ஆனால், மக்களின் பேச்சில் அவ்வளவு தெளிவான கோடு ஏதும் இல்லை. எல்லைக்கு இருபுறமும் இரு மொழிகளையும் அறிந்த குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு பக்கத்தில் பிறந்து மறுபக்கத்தில் மணம் புரிந்தவர்களும், ஒரு பக்கத்தில் குடியிருந்து மறுபக்கத்தில் தொழில் செய்பவர்களும் பலர்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே மாநில எல்லை என்ற ஒன்றே இல்லை. வடக்கே திருவனந்தபுரமும் தெற்கே கன்னியாகுமரியும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாட்டில் அடங்கியிருந்தன. தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் ஒரே மன்னரின் குடிகளாக வாழ்ந்தனர். அந்நாட்டின் தென்கோடியில், கன்னியாகுமரிக்கு அருகில் உள்ள ஊர் அகத்தீசுவரம். ஜோசப் செல்லையா டேனியல் அவ்வூரைப் பூர்வீகமாகக் கொண்டவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வசதி மிக்க கிறித்தவ நாடார் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார்.

அடிமுறையில் பிறந்த ஆர்வம்

டேனியல் திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில் பயின்றார். கல்வியைப் போலவே தற்காப்புக் கலையிலும் அவருக்கு நாட்டம் மிகுந்திருந்தது. தென் திருவிதாங்கூரில் ஆசான்களிடம் வழிவழியாகக் கற்றுவந்த அடிமுறையில் அவர் தேர்ச்சி பெற்றார். இந்தியாவின் வாட்போர்க் கலையைக் குறித்து ஆங்கிலத்தில் நூல் ஒன்றும் எழுதினார்.

ஆனால், நூலைப் படிப்போர் சிலரே. உடலின் அசைவால் கற்க வேண்டிய ஒரு கலையை எழுத்தால் முழுமையாக விளக்கவும் இயலாது. காலை எங்கே ஊன்ற வேண்டும், எதிரியின் வீச்சிலிருந்து எவ்வாறு விலக வேண்டும் என்பனவற்றைக் கண்ணால் கண்டால் அல்லவா விளங்கும்? திரைப்படம் அசைவைப் பதிவு செய்யும். எழுத்தறியாதவருக்கும் அதனைக் காட்டும். ஆகவே, தம் கலையை மக்களிடம் கொண்டு சேர்க்கத் திரைப்படமே ஏற்ற கருவி என டேனியல் எண்ணினார். அவருடைய திரைப்பட ஆர்வம் இவ்வாறு தொடங்கியது.

அப்போது இந்தியத் திரைப்படம் இளம் பருவத்தில் இருந்தது. தாதாசாகேப் பால்கே எடுத்த ராஜா ஹரிச்சந்திரா 1913ஆம் ஆண்டில் பம்பாயில் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில், சென்னையில் நடராஜ முதலியார் கீசக வதம் என்னும் பேசாப் படத்தை எடுத்துத் தென்னிந்தியாவில் வழி திறந்தார். அக்காலப் படங்களில் பெரும்பாலானவை புராண, இதிகாசக் கதைகளையே கூறின. மக்கள் அறிந்த கதை என்பதால் பேச்சு இல்லாமலே அது விளங்கியது. திருவிதாங்கூரிலோ படப்பிடிப்பு நிலையமும் இல்லை. அத்தொழிலைக் கற்பிப்போரும் இல்லை.

கற்கச் சென்ற வழி

டேனியல் முதலில் சென்னைக்குச் சென்றார். படம் எடுக்கும் முறையை நேரில் கண்டு கற்பதே அவரது நோக்கம். ஆனால், அங்கே படப்பிடிப்பு நிலையத்துக்குள் நுழையவும் அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. தொழில் நுணுக்கம் அறிந்தோர் அதனைப் புதியவருக்கு எளிதில் வெளிப்படுத்தாத காலம் அது.

டேனியல் ஊர் திரும்பவில்லை, பம்பாய்க்குச் சென்றார். தாம் ஓர் ஆசிரியர் என்றும், திரைப்படம் உருவாகும் முறையை மாணவர்க்குக் கற்பிக்க விரும்புவதாகவும் கூறி, அங்குள்ள நிலையங்களுக்குள் இடம் பெற்றார். அவர் கூறியது உண்மையன்று. எனினும், கற்க வேண்டும் என்ற வேட்கை மட்டும் உண்மையாக இருந்தது. படக்கருவியை இயக்குதல், படச்சுருளைப் பதப்படுத்துதல், காட்சிகளை வெட்டி ஒட்டித் தொகுத்தல் ஆகியவற்றை அவர் கண்டறிந்தார். தேவையான கருவிகளையும் வாங்கிக்கொண்டு திருவிதாங்கூர் திரும்பினார்.

1926ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துப் பட்டம் பகுதியில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தை அவர் தொடங்கினார். இன்றைய கேரளப் பகுதியில் அமைந்த முதல் படப்பிடிப்பு நிலையம் இதுவே. இதற்கு வங்கியோ செல்வரோ பொருள் தரவில்லை. தம் பெயரில் இருந்த நிலத்தை விற்றே டேனியல் முதலைத் திரட்டினார்.

விகதகுமாரன்

டேனியல் எடுத்த படத்தின் பெயர் விகதகுமாரன். காணாமற்போன மகன் என்பது அதன் பொருள். புராணக் கதைகளே கோலோச்சிய காலத்தில், அவர் தம் காலத்து மக்களின் வாழ்க்கையைக் கதையாக எடுத்துக்கொண்டார்.

திருவிதாங்கூரில் செல்வர் ஒருவரின் மகன் சந்திரகுமாரன். அவனைப் பூதநாதன் என்னும் கொடியவன் கடத்திக்கொண்டு இலங்கைக்குச் செல்கிறான். பெற்றோர் தேடியும் மகன் கிடைக்கவில்லை. சிறுவன் அங்கே தோட்டத் தொழிலாளியாக வளர்கிறான். தோட்டத்தின் உரிமையாளரான ஆங்கிலேயர் அவன்மீது அன்பு கொள்கிறார். அவனும் கண்காணிப்பாளர் பதவிக்கு உயர்கிறான். இலங்கைக்கு வரும் ஜெயசந்திரன் என்னும் இளைஞன் தன் உடைமைகளைப் பறிகொடுத்துச் சந்திரகுமாரனின் நட்பைப் பெறுகிறான். இருவரும் திருவிதாங்கூர் திரும்புகின்றனர். அங்கே, தன் தங்கை என்று அறியாமலே ஒரு பெண்ணைப் பூதநாதனிடமிருந்து சந்திரகுமாரன் காக்கிறான். முடிவில், அவன் முதுகில் இருந்த தழும்பு அவன் யார் என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. குடும்பம் ஒன்று சேர்கிறது.

அக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். கடல் கடந்து சென்ற உறவினரைப் பற்றிய செய்திக்காகக் காத்திருந்த வீடுகள் பல. ஆகவே, இக்கதை மக்கள் கண்முன் நிகழ்ந்த பிரிவோடு தொடர்புடையதாக இருந்தது.

திரைக்கதையை எழுதியவரும், படத்தை இயக்கியவரும், கையால் சுழற்றும் படக்கருவியைக் கையாண்டவரும் டேனியலே. ஜெயசந்திரனாக நடித்தவரும் அவரே. படத்தொகுப்பையும் அவரே செய்தார். அவருடைய மகன் சிறுவன் வேடத்தில் தோன்றினான். பூதநாதனாக ஜான்சன் என்பவர் நடித்தார். பிற்காலத்தில் தமிழ், மலையாளப் படங்களில் புகழ்பெற்ற நடிகை பி. எஸ். சரோஜாவின் தந்தை இவர்.

ரோசி என்னும் நடிகை

கதைத் தலைவி வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பெண்கள் நடிப்பதை இழிவாகக் கருதிய காலம் அது. நாடக மேடையிலும் பெண் வேடத்தை ஆண்களே ஏற்பது வழக்கமாக இருந்தது. டேனியல் பம்பாயிலிருந்து லானா என்னும் நடிகையை ஒப்பந்தம் செய்தார். எனினும் அவர் அப்படத்தில் நடிக்கவில்லை.

இறுதியில் அவ்வேடத்தை ஏற்றவர் பி. கே. ரோசி. தலித் சமூகத்தில், ஏழைக் குடும்பத்தில் பிறந்த ரோசி கூலி வேலை செய்து பிழைத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து நடத்தப்பெறும் காக்கரிசி நாடகத்தில் பயிற்சி உடையவர். மதிய உணவைக் கையில் எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வருவார். அது முடிந்ததும் மாலையில் தம் வேலைக்குத் திரும்புவார். திரையில் அவர் ஏற்றது சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணின் வேடம்.

கல்லெறியப்பட்ட திரை

1930ஆம் ஆண்டு முடிவதற்குள் விகதகுமாரன் திரைக்கு வந்தது. திருவனந்தபுரம் கேபிட்டல் திரையரங்கில் நடந்த முதற்காட்சியைப் புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை தொடங்கிவைத்தார். பேசாப் படம் ஆதலால், அரங்கில் ஒருவர் நின்று கதையை விளக்கிக் கூறினார்.

டேனியல் பல ஆண்டுகள் எதிர்பார்த்திருந்த நாள் அது. ஆயினும், அது மகிழ்ச்சியில் முடியவில்லை. ஒரு பெண் திரையில் தோன்றுவதையே சிலரால் பொறுக்க இயலவில்லை. தலித் பெண் ஒருவர் உயர்குலப் பெண்ணாக நடித்திருப்பது அவர்களின் சினத்தை மேலும் தூண்டியது. அவர்கள் கூச்சலிட்டனர், திரையை நோக்கிக் கல்லெறிந்தனர்.

தொடக்க விழாவில் ரோசிக்கு இடம் இருக்கவில்லை. ஆனால், அவர்மீது மூண்ட சினம் திரையரங்கோடு நிற்கவில்லை. அவர் குடியிருந்த இடமும் தாக்குதலுக்கு உள்ளானது. அவர் திருவனந்தபுரத்தை விட்டுத் தப்பிச் சென்றார். பின்னர் நாகர்கோவிலில் ராஜம்மாள் என்னும் பெயரில், தாம் நடிகை என்பதை வெளியிடாமல் வாழ்ந்தார். அதன்பின் அவர் நடிக்கவே இல்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். டேனியல் இப்படத்தால் செல்வத்தை இழந்தார். ரோசியிடம் இழப்பதற்குச் செல்வம் இல்லை. அவர் தம் ஊரையும் பெயரையும் இழந்தார். கலையில் துணிவு காட்டியவர் இருவர் என்றாலும், அத்துணிவுக்கு இருவரும் கொடுத்த விலை ஒன்றன்று.

ஆலப்புழையில் இப்படத்துக்கு வேறு விதமான வரவேற்புக் கிடைத்தது. படத்துக்கு ஒரே பிரதிதான் இருந்தது. ஆகவே, டேனியல் படப்பெட்டியுடன் தாமே அங்குச் சென்றார். ஸ்டார் திரையரங்கில் காட்சி நடந்துகொண்டிருந்தபோது திரையில் உருவம் மங்கியது. மக்கள் ஆரவாரம் செய்தனர். இது மலையாள நாட்டின் முதல் படம் என்றும், ஆதலால் சில குறைகள் இருக்கக்கூடும் என்றும் விளக்குநர் எடுத்துரைத்தார். உடனே அரங்கில் கைதட்டல் எழுந்தது. கொல்லம், திருச்சூர், தலைச்சேரி, நாகர்கோவில் ஆகிய ஊர்களிலும் படம் காட்டப்பெற்றது. ஆயினும், செலவிட்ட தொகையை ஈட்ட அவ்வருவாய் போதவில்லை.

கடனும் பிரிவும்

கடன் கொடுத்தோர் நெருக்கினர். டேனியல் தம் கருவிகளை விற்றார். படப்பிடிப்பு நிலையத்தையும் மூடினார். எனினும், திரைப்படத்தின்பால் தம்மை ஈர்த்த முதல் எண்ணத்தை அவர் கைவிடவில்லை. அடிதடி முறை என்னும் பெயரில் தற்காப்புக் கலையைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். அதுவே அவருடைய இரண்டாவது படமும் இறுதிப் படமும் ஆகும். அதன்பின் அவர் கையில் பொருள் ஏதும் எஞ்சவில்லை.

காலமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1931ஆம் ஆண்டில் ஆலம் ஆரா வெளிவந்தது. அதே ஆண்டில் தமிழில் காளிதாஸ் வந்தது. திரை பேசத் தொடங்கியதும் பேசாப் படங்களுக்கு மதிப்புக் குறைந்தது. டேனியலின் உறவினராகிய சுந்தர் ராஜ் 1933ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மா என்னும் பேசாப் படத்தை வெளியிட்டார். பதிப்புரிமை வழக்கால் அப்படமும் முடங்கியது. மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் 1938ஆம் ஆண்டில் வந்தது. அதனைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது.

டேனியல் பல் மருத்துவத்தைத் தொழிலாக ஏற்றுத் தமிழகத்தின் பல ஊர்களில் வாழ்ந்தார். மனைவி ஜேனட் அவருடைய வறுமையிலும் உடன் நின்றார். அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டு கலந்து செய்யப்பட்டது. எளிதில் தீப்பற்றி எரியக்கூடியது. வீட்டில் எஞ்சியிருந்த விகதகுமாரன் சுருளை, டேனியலின் இளைய மகன் சிறுவனாக இருந்தபோது எரித்து விளையாடிவிட்டார். படச்சுருளின் அருமையை அறியாத வயது அது. இவ்வாறு, நிலத்தையும் உழைப்பையும் கொடுத்து உருவாக்கிய படம் ஒரு பிரதியும் இன்றி மறைந்தது.

எந்த மாநிலத்தவர்?

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழி அடிப்படையில் திருத்தி அமைக்கப்பட்டன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி, அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. டேனியலின் ஊர் தமிழ்நாட்டிலும், அவர் படம் எடுத்த திருவனந்தபுரம் கேரளத்திலும் அமைந்தன.

முதுமையில் டேனியல் அகத்தீசுவரத்தில் வறுமையோடு வாழ்ந்தார். இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவரைக் கண்டறிந்து, அவருடைய பணியைக் கட்டுரைகளால் உலகுக்கு உணர்த்தினார். முதல் மலையாளப் படத்தை எடுத்தவருக்கு அரசின் சிறப்பும் உதவியும் கிடைக்க வேண்டும் என முயன்றார். ஆனால், டேனியலின் ஊர் தமிழ்நாட்டில் இருப்பதைக் காரணம் காட்டிக் கேரள அரசு அதற்கு இசையவில்லை. தமிழ்நாட்டிலோ, மலையாளப் படம் எடுத்தவரைத் தம்மவராக எண்ணிப் போற்றுவார் இல்லை. அவர் படம் எடுத்த நாளில் இல்லாத ஓர் எல்லை, அவருடைய முதுமையில் குறுக்கே நின்றது. 1975ஆம் ஆண்டில், உரிய சிறப்பு எதையும் பெறாமலே அவர் மறைந்தார்.

மீண்டு வந்த பெயர்

பின்னர் நிலை மாறியது. மலையாளத் திரைப்படத்தின் தந்தை என டேனியலைக் கேரளம் ஏற்றுக்கொண்டது. மலையாளத் திரைப்படத்துக்கு வாழ்நாள் முழுவதும் தொண்டாற்றியோருக்குக் கேரள அரசு வழங்கும் உயரிய விருது அவர் பெயரைத் தாங்குகிறது. 1992ஆம் ஆண்டு முதல் அவ்விருது வழங்கப்பட்டு வருகிறது. அவருடைய வாழ்வைக் கூறும் செல்லுலாய்டு என்னும் படம், கமல் என்னும் மலையாள இயக்குநரால் 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரோசியின் பெயரும் மறதியிலிருந்து மீண்டது. அவர் பெயரால் திரைப்படச் சங்கம் ஒன்று கேரளத்தில் தோன்றியது. திரைப்பட விழா சென்னையில் நடத்தப்பெற்றது.

விகதகுமாரன் கதையில், காணாமற்போன மகனை ஒரு தழும்பு குடும்பத்தோடு சேர்த்தது. அக்கதையை எழுதியவரும் தம் வாழ்நாளில் இரு மாநிலங்களுக்கு இடையே காணாமற்போனார். அவரை அடையாளம் காட்டப் படச்சுருள்கூட எஞ்சவில்லை. அவரைத் தேடிச் சென்றவரின் எழுத்தே அப்பணியைச் செய்தது. எல்லைகள் ஆட்சிக்குத் தேவையானவை. ஆனால், ஒருவரின் உழைப்பை அளக்க அவை ஏற்ற கோல் அல்ல. தமிழ் மண்ணைப் பூர்வீகமாகக் கொண்டு மலையாளத் திரைக்கு வித்திட்ட டேனியல், எல்லைக்கு இருபுறமும் வாழ்வோர் அனைவருக்கும் உரியவர்.

சொற்பொருள்

பூர்வீகம் – முன்னோர் வழி வந்த இடம்
நாட்டம் – விருப்பம்
ஆசான் – கற்பிப்பவர்
வேட்கை – பெருவிருப்பம்
கோலோச்சிய – ஆட்சி செய்த
தழும்பு – காயம் ஆறிய வடு
விளக்குநர் – விளக்கிக் கூறுபவர்
இசைவு – சம்மதம், அனுமதி
எஞ்சிய – மீதமிருந்த

பயிற்சி

அ. சுருக்கமாக விடை எழுதுக.
1. டேனியல் திரைப்படத்தை ஏற்ற கருவி என எண்ணியது ஏன்?
2. டேனியல் பம்பாயில் படப்பிடிப்பு நிலையங்களுக்குள் எவ்வாறு இடம் பெற்றார்?
3. விகதகுமாரன் படம் அக்காலப் படங்களிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?
4. ஆலப்புழையில் கைதட்டல் எழுந்தது ஏன்?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. டேனியலும் ரோசியும் கொடுத்த விலை ஒன்றன்று என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு டேனியலின் முதுமையை எவ்வாறு பாதித்தது?

இ. பிரித்து எழுதுக.
1. கண்டறிந்து  2. கண்முன்  3. எழுத்தறியாதவர்  4. ஒன்றன்று

ஈ. செய்து பார்க்க.
உங்கள் ஊரில் தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளிலும் வழங்கும் பொதுச் சொற்கள் பத்தினை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றையும் தொடரில் அமைத்து எழுதுக.